தொட்டில் இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

நான் வீடு திரும்புவதற்குள் தொட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இவரிடம் சொன்னாயாமே. இவர் வாயில் எதுவும் நிற்காது என்று உனக்குத் தெரியாதா?

நாற்பத்து நாலு வயதில் பிள்ளை பெற்றவளைப் பார்த்து உலகமே சிரிக்கிறது. நானும் சிரித்தேன், தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடியைத் தேடிக்கொண்டே பிரசவ அறைக்குப் போனவளாயிற்றே. தொட்டில் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் சொன்னதைக் கேள். நுரையீரலில் இருக்கும் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க உள்ளே வழுவழுவென்று ஒரு பூச்சு வேண்டுமாம். அது கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு சேருமாம். நம் மகாராணி ஏழாம் மாதமே கிளம்பிவிட்டாள். ஈரமான பாலிதீன் பையைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பூச்சையே மருந்தாகக் குழாய் வழியே உள்ளே விட்டார்கள். பன்றியின் நுரையீரலிலிருந்து எடுப்பதாம். என் மாமியாரிடம் மூச்சு விடாதே.

நேற்று மூச்சிழுக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சு குழிவிழுந்தது. இன்று அந்தக் குழி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

“உங்க பொண்ணு சரியான சண்டைக்காரிம்மா, குழாயையே புடிச்சு இழுக்கிறா” என்றாள் நர்ஸ்.

“அவ பெரியம்மா ஜாடை” என்றேன்.

இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். அவர் சொல்லவே வேண்டாம். தொட்டிலில் ஒரு திருகு ஆடுகிறது, அத்தானை முடுக்கி வைக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கை,
ஒரு சண்டைக்காரியின் அம்மா