குதிரையின் நிறம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, நாவல் மூன்றாம் பதிப்பு போகிறது என்று பேப்பரிலேயே போட்டிருந்தான். போன் பண்ணினால் மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

இருபது வருஷம் நீ வரலாறு எழுதினாய். அணை கட்டின வரலாறு, ரயில் பாதை போட்ட வரலாறு, கடைசியாக எங்கள் ஊரில் காய்ச்சல் வந்து பாதிப் பேரைக் கொண்டுபோன வருஷத்தின் வரலாறு. ஒரு பயலும் வாங்கவில்லை. அந்தக் காலத்துக் கொலை, அந்தக் காலத்துப் போலீஸ் என்று துப்பறியும் நாவல் எழுதப் போகிறேன் என்று நீ சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

காய்ச்சல் புத்தகத்துக்காக எங்கள் மாடி அறையில் ஒரு கோடைகாலம் முழுக்கத் தங்கியிருந்தாய். என் மாமனார் தன் தாத்தாவின் பழைய பெட்டியை உனக்குத் திறந்துவிட்டார். எங்கள் மருந்துக்கடையை ஆரம்பித்த கம்பவுண்டர் அந்தத் தாத்தா. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது வீடு வீடாக மருந்து கொண்டுபோனவர் என்று நீயே அதில் எழுதினாய். மாமா அந்தப் பக்கத்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுவார். இப்போது உன் நாவலில் அதே கம்பவுண்டர், அதே பெயரோடு, அதே கடையில் நின்று, காய்ச்சலில் கிடந்த நீதிபதிக்கு விஷம் கலந்து கொடுக்கிறார். உண்ட வீட்டுக்கு என்று ஆரம்பிக்கிற பழமொழியை முழுசாக எழுத எனக்குக் கை வரவில்லை.

கதைதானே என்பாய். அந்தப் பின்னுரையை நீ எழுதாமல் இருந்திருந்தால் ஊரும் கதை என்றுதான் நினைத்திருக்கும். பழக்க தோஷம் உன்னை விடவில்லை. கதைக்காக மாற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாய். நீதிபதியின் குதிரை பழுப்பு, அதைக் கறுப்பாக்கினேன். அன்றைக்கு மழை இல்லை, நான்தான் பெய்யவைத்தேன். அவர் மகளின் காதல் என் கற்பனை. மற்றவை அனைத்தும் ஆவணங்களில் உள்ளபடியே. குதிரையின் நிறத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு மனுஷனைக் கொலைகாரனாக்கியதைச் சொல்ல இடம் இல்லாமல் போய்விட்டது.

போனில் கேட்டேன், ஞாபகம் இருக்கும். கொலைகாரன் கற்பனை என்று பின்னால் போட்டால், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்களுக்குச் சுவை கெட்டுவிடும் என்றாய். சரி, அவரை ஏன் பிடித்தாய் என்றேன். அத்தனை ஆவணத்திலும் அப்பழுக்கு இல்லாத ஆள் அவர் ஒருத்தர்தான் அக்கா, யாருமே சந்தேகப்பட மாட்டாங்க, துப்பறியும் கதைக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்கிறது அபூர்வம் என்றாய். நல்லவராக இருந்ததுதான் அவர் செய்த தப்பு போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த அத்தானிடம் போனைக் கொடுக்காமல் வைத்துவிட்டேன்.

அத்தான் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஜட்ஜுக்குக் கொடுத்த மருந்து இருக்கா என்று கேட்பவர்களிடம், ஒரு டோஸ்தான் இருந்தது சார், தீர்ந்துபோச்சு என்பார். போன வாரம் ஒரு பெண் வந்து தன் குழந்தைக்கு இருமல் மருந்து கேட்டாள். நீங்க முதல்ல ஒரு ஸ்பூன் குடிச்சுக் காட்டுங்க என்றாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. அத்தான் குடித்தார். பிறகு, திறந்த பாட்டில் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அதை நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

மாமாவைத்தான் தாங்க முடியவில்லை. அவர் நம்பிவிட்டார். ஆதாரம் இல்லாமல் உன் தம்பி ஒரு வரி எழுதமாட்டான் என்கிறார். தாத்தாவின் படத்தைக் கடையிலிருந்து கழற்றி, சாமான் அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார். இப்போது உன் காய்ச்சல் புத்தகத்தை மறுபடி எடுத்து, தாத்தா மருந்து கொடுத்த வீடுகளில் யார் யார் செத்தார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். ஜட்ஜு ஒருத்தர்தானான்னு யாருக்கும்மா தெரியும் என்று கேட்கிறார். இதய மாத்திரையைத் தொட மறுக்கிறார். நம்ம கை பட்ட மருந்து வேணாம் என்கிறார். வேறு கடையில் வாங்கி வந்தால், அதை நீ தொட்டுட்டியே என்று மகனிடமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நான் சொன்னால் புருஷன் வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைக்கிறார். நீ சொன்னால் கேட்பார். மாமா, அது நான் கட்டிய பொய் என்று உன் கையால் ஒரு வரி எழுது. உனக்குப் பத்து விரலும் இருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் அக்கா.

*

தம்பிக்கு,

உன் கடிதமும், நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய மூன்றாம் பதிப்பும் வந்து சேர்ந்தன. பின்னுரையைத்தான் முதலில் புரட்டினேன். ஒரு வரி கூடவில்லை, குதிரை இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது.

மாமா படுத்தபடியே கடிதத்தைப் படிக்கச் சொன்னார். நான் முதலில் மனசுக்குள் படித்தேன். கம்பவுண்டர் கொன்றார் என்பதற்கு ஆதாரம் இல்லை, கொல்லவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை, ஒரு எழுத்தாளனின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளவும் என்று டைப் அடித்திருந்தாய். பொய் என்ற வார்த்தையை எழுத உனக்கு அவ்வளவு கூச்சம். கொல்லவில்லை என்பதற்கு எந்த மனுஷனடா ஆதாரம் வைத்திருக்கிறான்? உன்னிடம் இருக்கிறதா?

அதனால் அந்தத் தாளைப் பார்த்தபடி நானே ஒரு கடிதத்தைக் கட்டிப் படித்தேன். எல்லாம் நான் கட்டின பொய் மாமா, உங்க தாத்தா மாதிரி ஒரு மனுஷனை நான் எந்த ஆவணத்திலும் பார்த்ததில்லை, என்னை மன்னிச்சிடுங்க என்று வாசித்தேன். நன்றாகத்தான் சொன்னேன். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா, கதை எனக்கும் வருகிறது.

மாமா முழுசாகக் கேட்டார். பிறகு கையை நீட்டி அதை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துத் தானே படித்தார். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உன் தம்பிக்குப் பொய் சொல்ல வராதும்மா, அவனைத் திட்டாதே என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாத்திரையைக்கூட அவர் வாயில் வைக்க எங்களால் முடியவில்லை. கெஞ்சினோம், பாலில் கரைத்தோம், பால் குடிப்பதையும் நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நூறு வருஷம் கழித்து உன்னைப்போல் ஒருத்தன் வந்து தேடினாலும் அதைத்தான் பார்ப்பான். நீ பயப்பட வேண்டாம், எந்த ஆவணத்திலும் உன் பெயர் இல்லை.

நீ வர வேண்டாம். அத்தான் உன் பெயரையே எடுப்பதில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

மூத்தவள் வாயால் சபிக்கக் கூடாது என்பார்கள். ஆசீர்வாதமே செய்கிறேன். நீ நூறு வயது இரு. உன் புத்தகம் இன்னும் நூறு பதிப்பு போகட்டும். உன் பேரன் பேத்திகள் எங்கள் தாத்தா நல்லவர் என்று சொல்லிக்கொண்டு திரியட்டும். அதற்கு ஆதாரம் எங்கே என்று அவர்களிடம் யாரும் கேட்காமல் இருக்கட்டும்.

அக்கா.