பூதக்கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள்

அண்ணே,

இன்று காலை உங்கள் பேத்தி கைக்குழந்தையோடு, நான் டிரசராக மருந்து கொடுக்கும் காம்பராவுக்கு வந்தாள். குழந்தைக்கு அம்மை குத்த வேண்டும் என்றாள். ஊசிப் பெட்டியைத் திறந்தேன். அடியில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தவள், "என்ன டிரசரய்யா, இதுல மஞ்சள்?" என்று கேட்டாள். அதன் பித்தளைப் பிடியின் சந்தில் நீங்கள் பூசிய மஞ்சள் இன்னும் இருக்கிறது. இத்தனை வருடமாக நான் அதைத் தேய்த்துக் கழுவவில்லை. சோம்பல் என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துக் கோப்பி இலைகளின் அடியில் முதன்முதலாக அந்தச் செம்மஞ்சள் பொடி தெரிந்தபோது, நோய் பிடித்த கிளைகளை வெட்டி எரிக்கும்படி துரை உத்தரவு போட்டார். நீங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி. பகலில் எல்லோரையும் போலக் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டீர்கள். மரத்துக்கு அம்மை போட்டிருக்கிறது, அம்மன் இறங்கிய உடம்பில் இரும்பு படக்கூடாது என்றீர்கள். மனிதனுக்கு வருவது மரத்துக்கும் வந்தால் கலி முடிகிறது என்று ஊரில் உங்கள் அப்பா சொல்லக் கேட்டிருந்தீர்களாம். வருகிற பௌர்ணமியோடு சரி என்று நாளும் குறித்தீர்கள். கூலியாட்கள் குடியிருந்த லயமே உங்கள் பக்கம் நின்றது. அடுப்பில் தாளிப்பு நின்றது. பள்ளத்திலிருந்து யாரோ வேப்பங்குழை சுமந்து வந்து வாசலுக்கு வாசல் செருகினார்கள்.

துரையின் கோபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வாரமே பக்கத்துத் தோட்டத்தில், கூலி வேலைக்குப் புதிதாக நடந்து வந்த ஆட்களிடையே, நிஜ அம்மை கண்டுவிட்டது. அம்மை குத்துவதற்கென்று கண்டியிலிருந்து அனுப்பிய அம்மைப்பால் என் கையில் இருந்தது. வைத்திருந்தால் கெட்டுப்போகும். ஒரு தாயும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. பௌர்ணமிக்கு முடியப்போகிற உலகத்தில் பிள்ளையின் கையை எதற்குக் கீறுவது என்று கேட்டார்கள். உங்கள் மீது எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது, அண்ணே.

ஒரு கோப்பி இலையையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உங்கள் காம்பராவுக்கு வந்தேன். அது அம்மனும் இல்லை, கலியும் இல்லை, ஈரத்தில் முளைக்கும் ஒரு வகைப் பூஞ்சணம் என்று கத்தினேன். கந்தகமும் சுண்ணாம்பும் தூவினால் இரண்டு மழைக்குள் கோப்பி தழைத்துவிடும், இது சத்தியம் என்றும் சொன்னேன். நீங்கள் விரலில் மஞ்சளைக் குழைத்துக் கண்ணாடியின் பிடியில் பூசிக் கும்பிட்டுவிட்டுத்தான் கண்ணருகே வைத்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். அந்தப் பொடி உயிருள்ளதா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். உயிருள்ளது என்றால் அதுவும் அவள்தான் என்றீர்கள். தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு எல்லோரும் கூடிய இடத்தில், பிறந்து நாலு மாதமான இந்தப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றீர்கள். நீங்கள் அவர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "நான் சொன்னது நடக்கும்னுதான் இப்பவும் நம்புறேன். ஆனா ஒருவேள நான் தப்பாச் சொல்லியிருந்தா? பௌர்ணமிக்கு மறுநாளும் புள்ளைங்க இருக்கணுமே. கொண்டாந்து குத்திக்கங்க."

அன்று அம்மைப்பால் தீரும்வரை குத்தினேன். கடைசியில் உங்கள் கையை நீட்டச் சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "அவ வந்தா வாங்கன்னு சொல்ல ஒருத்தனாச்சும் வேணும் தம்பி."

பௌர்ணமி வந்தது, போனது. உங்களைக் கேலி செய்தவன் நான் ஒருவன்தான். பத்து நாள் கழித்து உங்களுக்கு உடம்பு சுட்டது. குத்திக்கொண்ட பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட அம்மை வரவில்லை. வந்தது உங்களுக்கு. வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், கோப்பி தழைத்ததா என்றுதான் கேட்டீர்கள். தழைக்கிறது என்றேன். பொய், அண்ணே. அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டுதான் நீங்கள் கண்மூடினீர்கள். கந்தகம் தூவிய மரங்களும் மொட்டையாகத்தான் நின்றன. சில வருடங்களில் மலை முழுக்கக் கோப்பி செத்தது. துரைமார் கப்பலேறினார்கள். நாம் அறிந்த உலகம் முடியத்தான் செய்தது. நாள் மட்டும் தப்பிவிட்டது. நான் செய்த சத்தியமும் பொய்த்தது. அதை இதுவரை யாரிடமும் நான் ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது அந்தச் சரிவில் தேயிலைக் கன்றுகள் நிற்கின்றன. உங்கள் பேத்தி அங்கேதான் கொழுந்தெடுக்கிறாள். அவள் தோளில் நான் அன்று குத்திய தழும்பு அகலித்துக் கிடக்கிறது. குழந்தையின் கையை என்னிடம் கொடுத்துவிட்டு, "இது கட்டாயம் காப்பாத்துமா அய்யா?" என்று கேட்டாள்.

முன்பு போலச் சத்தியம் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் முகம் வந்து நின்றது.

"காப்பாத்தும்னுதான் நம்புறேம்மா," என்றேன். "ஒருவேள நான் தப்பாச் சொல்லியிருந்தா, உடனே என்கிட்ட கொண்டு வா. எந்நேரமானாலும் இங்கதான் இருப்பேன்."

அவள் தலையாட்டினாள். மடியிலிருந்து மஞ்சள் கிழங்குத் துண்டை எடுத்தாள். அவள் ஊசிப் பெட்டியில் பூசி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.