அழுத்திய விரல்

12.11.1999, வெள்ளி

மேல்படிப்பு விண்ணப்பம் பார்க்க அப்பாவோடு காந்திபுரம் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கல்லூரியின் பக்கம் என்று நினைத்துத் திறந்ததில் அரைகுறை ஆடையில் ஒரு பெண் வந்து நின்றாள். பதறிப்போய், திரும்பிப் போக ‘பேக்’ பட்டனை அழுத்தினேன். அதே பக்கம் மறுபடி வந்தது. அழுத்த அழுத்த அவளே வந்தாள். அப்பா திரையை விட்டுவிட்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். “போதும் அம்மணி” என்று எழுந்து, வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.

சூலூர் பஸ்ஸில், “திரும்பிப் போகத்தானுங்கப்பா அழுத்துனேன், அது உடமாட்டேங்குது” என்றேன். “செரி கண்ணு” என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அம்மா கேட்டதற்கு, “அங்க கரண்டு போயிருச்சு” என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்காகத்தான் சொன்னார். அப்படியென்றால், நான் சொன்னதை அவர் நம்பவில்லை.