பிள்ளைத் துணியில் வெந்தய வாசம்

சின்னமனூர்
12-8-1983

அன்பு மகன் சண்முகராஜுக்கு அம்மா அன்னத்தாய் எழுதுறது. இங்கன எல்லாரும் சுகம், இந்தத் தடவை பொய்யில்லாம எழுதுறேன். அங்கன உன் சுகத்தை உன் கையெழுத்துல பார்த்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் தந்தி வந்துச்சு. தந்தின்னதும் உன் அக்கா ராமுத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்குள்ள ஓடிட்டா, கெட்ட சேதியோன்னு. பக்கத்து வீட்டு வாத்தியார்தான் வாசிச்சுச் சொன்னாக. நீ சொன்னபடி பருப்பு, முட்டையை நிறுத்திட்டோம், பாலும் அளவுதான், மதுரைக்கும் கூட்டிட்டுப் போனோம். உன் கடுதாசி பார்த்துட்டு டாக்டர் நல்லா விசாரிச்சாக. பிள்ளை இப்பச் சிரிக்குது, சட்டியை உருட்டுது. ஏலே, உன் அக்கா மூத்த பிள்ளை செத்துப்போனப்பவும் மூத்திரத் துணியில இதே வெந்தய வாசந்தானே. பெத்தவளுக்கு வெந்தயக்களி கிண்டிக் குடுத்த வீடு, தாய் தின்னது பிள்ளைக்கு இறங்குதுன்னு இருந்துட்டோம். இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்ல அந்த வாசம் வந்தப்பத்தான், இப்ப யாரும் களி கிண்டலையே, வெந்தயம் எங்கருந்து வந்துச்சுன்னு உனக்கு எழுதினேன். மை ஒத்துற காகிதத்தை மூத்திரத்துல நனைச்சுக் காயவச்சு அனுப்புன்னு நீ எழுதினதுக்கு உன் மாமன் சீனிச்சாமி விழுந்து விழுந்து சிரிச்சான், பெத்தவ சுருளி மலையைத் தாண்டலை, பிள்ளை மூத்திரம் ஏரோப்ளேன் ஏறுதேன்னு. அதுல கண்ணுக்குத் தெரியாமக் கிடந்ததை எடை போட்டு இது வெந்தயமில்லை, இன்ன நோவுதான்னு அன்னிக்கே சொல்லிருச்சாமே உன் ஆராய்ச்சிக்கூடத்து மிசின், அது நல்லா இருக்கட்டும்.

தந்திக்குப் பின்னாடி வந்த கடுதாசியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அப்பன் ஆத்தா ரெண்டு பேருமே நோவு தெரியாமச் சுமந்து பிள்ளைக்குக் குடுக்குறது, சொந்தத்துக்குள்ள கட்டினா இது கூடுதலா வரும்னு எழுதியிருக்க. உன் அக்காளை என் தம்பி சீனிச்சாமி மகனுக்குக் கட்டினோம். தம்பி மகள் பூமாரியை உனக்குன்னு வச்சிருந்தோம். அவ பேரை நீ எழுதலை, எனக்குப் புரியாதா? அவ கழுத்துல தாலி கட்டவாச்சும் நீ ஊருக்கு வருவன்னு கிடந்தேண்டா. நேத்துத் தம்பி வீட்டுக்குப் போயி, பூமாரிக்குத் தேவாரம் ஊருல இருந்து வந்த வரனை முடிச்சிருன்னு சொல்லிட்டேன். அவன் மூஞ்சி தொங்கிப்போச்சு. வர்றப்ப பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தேன், பக்கத்துல இருந்தவ யாரு செத்துட்டாகன்னு கேட்டா. உனக்குப் பிடிச்சவளைக் கட்டிக்க ராசா, வெள்ளைக்காரின்னாலும் கூட்டிட்டு வா, எனக்குக் கோவமில்லை. உன்னை இழுக்க இனி எங்கிட்ட ஒரு சாக்கும் இல்லை. உன்னைப் பார்க்கணும், அவ்வளவுதான்.

சுருளி வேலப்பர் உன்னைக் கைவிட மாட்டாரு. எண்ணெய் தேய்ச்சுக் குளி, பனியில வெறுந்தலையாத் திரியாதே. பத்தியத்துக்குப் பின்னாடி பிள்ளை மூத்திரத்துல நனைச்சு அனுப்பச் சொல்லி நீ கேட்ட ரெண்டாவது காகிதம் உள்ள இருக்கு. மிசின் கெட்டது சொன்னா உடனே தந்தி அடி. நல்லது சொன்னா தந்தி வேண்டாம், நீயே வந்து சொல்லு.

உன்னைப் பெத்தவ,
அன்னத்தாய்