என் வாயிலிருந்து வந்த கழுதைப் பாட்டு

கிளெக் தெரு, லங்காஷயர்
20 மார்ச் 1966

என் அன்பு மகள் பெரிலுக்கு அம்மா எழுதுவது. அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி டெபோராவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன், இங்கே நாங்கள் இரண்டு பேரும் சளியும் இருமலுமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ அனுப்பிய போட்டோ வந்தது. குழந்தைக்கு உன் அப்பாவின் காது அப்படியே வந்திருக்கிறது, பெண் குழந்தைக்கு அது கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் முடி வளர்ந்தால் மறைந்துவிடும், கவலைப்படாதே. அந்த ஊர் வெயிலில் தொப்பி இல்லாமல் அவளை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. மாப்பிள்ளை ஓவர்டைம் செய்கிறார் என்று எழுதியிருந்தாய், செய்யட்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார்ந்து சாப்பிடச் சொல். அப்பாவுக்கு நெஞ்சுச்சளி இன்னும் முழுதாக விடவில்லை, ஆனாலும் ஆலைக்கு ஒரு நாள்கூட லீவு போடவில்லை, சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எட்னா அத்தை உனக்கு எழுதியிருப்பாள், எழுதாமல் அவளால் இருக்க முடியாது. அவள் கடிதம் முந்திக்கொண்டதோ என்னுடையது முந்திக்கொண்டதோ தெரியாது, எதுவானாலும் நடந்ததை என் கையெழுத்தில் நீ ஒரு தடவை படித்துவிட வேண்டும். மூன்று தடவை எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். பெற்ற பெண்ணிடம் சொல்ல இவ்வளவு கூசும் என்று எனக்கே தெரியாது.

நம் கோயில் நாடகக் குழு இந்த வருஷம் அந்த ஆற்றங்கரை விடுதிப் பாட்டுப் படத்தையே மேடையில் போடுவதாக முடிவு செய்தது உனக்குத் தெரியும். விடுதிக்காரியாக நடிக்க என்னைத்தான் கேட்டார்கள், கேட்டார்கள் என்ன, நான் வேறு யாரும் கேட்கப்படாதபடி முதல் நாளே முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பாத்திரம் எனக்கு எதற்கு என்று நீ கேட்கலாம். நம் வீட்டில் இருக்கிற அந்தப் படத்துப் பாட்டு ரெக்கார்டு ஞாபகம் இருக்கிறதா? படம் நம் ஊர்த் தியேட்டரை விட்டுப் போன வாரம் அப்பா வாங்கி வந்தது. படத்தை நாம் இரண்டு தடவை பார்த்தோம், கதை என்ன என்று இன்றைக்குக் கேட்டால் பாதி மறந்துபோயிருக்கும். ஆனால் அந்த ரெக்கார்டு? வாசற்படி தேய்க்கும்போது, துணி பிழியும்போது, உருளைக்கிழங்கு உரிக்கும்போது, ஏழு வருஷமாக அதில் வரும் விடுதிக்காரி நான்தான். விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு படகுக்காகக் காத்திருக்கிற அந்தப் பாட்டை அடுப்பங்கரையில் நான் பாடும்போது நீ ஒரு நாள், "அம்மா, ரெக்கார்டு ஓடுதுன்னு நினைச்சேன்"னு சொன்னாய். நீ விளையாட்டாகச் சொல்லியிருப்பாய். நான் அதை நிஜமென்று வைத்துக்கொண்டேன்.

நாடகத்துக்கு முந்தின வியாழக்கிழமை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை சுத்தமாகக் குரலே இல்லை, காற்றுதான் வந்தது. சனிக்கிழமை மாலை ஒப்பனை அறையில் பாட்டு வாத்தியார் ஆர்மராட் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மியூரியல், தப்பா எடுத்துக்காதீங்க, இன்னைக்கு ஐலீன் உங்க இடத்துல நிக்கட்டும், அவளுக்கு எல்லா வரியும் தெரியும்"னு மெதுவாகச் சொன்னார். நம்ம ஐலீன்தான், உன்கூடப் படித்தவள், நம் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவள், இப்போது சந்தைக்குப் பக்கத்தில், மாவுக்குள் கறியோ கிழங்கோ வைத்துச் சுடுகிற 'பை' பலகாரம் விற்கிற கடையில் நிற்கிறாள். கூட்டத்தோடு பாடுகிற பெண்களில் ஒருத்தியாக ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு ஆசை வந்து போனதை நான் பார்த்தேன், பெரில். பார்த்தபிறகுதான், அந்த உடுப்பு என் அளவுக்குத் தைத்தது, அவளுக்குச் சரிவராது என்று கிசுகிசுத்தேன். இரண்டு ஊசி குத்தினால் சரியாகிவிடும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். அப்பாவை வீட்டுக்கு அனுப்பி ரெக்கார்டையும் பிளேயரையும் கொண்டுவரச் செய்தேன். திரைக்குப் பின்னால் வைத்து ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டால் நான் வாயை மட்டும் அசைத்தால் போதும். ஆர்மராட் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஊர்ல எந்த வீட்ல இந்த ரெக்கார்டு இல்ல? கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?" என்றார். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று சாதித்தேன். நினைத்துப் பார், மேடைக்குக் கீழே ஒரே ஒரு பியானோ, அதை வாசிக்கிற அம்மாள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எங்கிருந்தோ ஐம்பது வயலின் கேட்கிறது. இதை நம்ப யாராவது இருப்பார்களா? ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

எனக்கு உதவி செய்தது யார் தெரியுமா? ஐலீன்தான். "ஆன்ட்டி, ரெண்டாவது வரிக்கு நடுவுல அவங்க மூச்சு எடுப்பாங்க, நீங்க அங்க வாயை மூடிக்கணும், நான் ஓரத்துல நின்னு கையைக் காட்டுறேன்"னு சொல்லி, கண்ணாடிக்கு முன்னால் என்னை உட்காரவைத்து எல்லா மூச்சையும் சொல்லிக்கொடுத்தாள். எனக்குத் தெரியாத மூச்சுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளும் அவள் வீட்டு அடுப்பங்கரையில் ஏழு வருஷமாக அந்த விடுதிக்காரியாகத்தான் இருந்திருக்கிறாள் என்று அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் மேடைக்குப் போனேன். ரெக்கார்டு ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நம் ரெக்கார்டில் முதல் வரியில் ஒரு கீறல் உண்டே, அந்த 'டக்' சத்தம் ஒலிபெருக்கியில் ஆணி அடித்த மாதிரி கேட்டது. எட்னா அத்தை பிறகு ஊரெல்லாம் சொன்னாள், "அந்த டக்கைக் கேட்டதுமே இது எங்க அண்ணன் வீட்டு ரெக்கார்டுன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு"ன்னு. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். என்மேல் இருந்த மரியாதையா, பாட்டின்மேல் இருந்ததா தெரியாது, கொஞ்ச நேரத்தில் அமைதியாகிவிட்டார்கள். முன்வரிசையில் பெண்களின் உதடுகள் அசைவது எனக்குத் தெரிந்தது. ஐலீன் ஓரத்தில் நின்று கையை உயர்த்தி இறக்கினாள், நானும் சரியாகவே வாயைத் திறந்து மூடினேன். கடைசி நீண்ட சுரம் முடிந்து நான் இரண்டு கையையும் விரித்து நின்றேன். கை தட்டினார்கள். வாயைத் திறந்தபடியே நான் அப்படியே நிற்கும்போது, அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ரெக்கார்டில் அதற்கு அடுத்தது எது என்று உனக்குத் தெரியும். படகுக்காரன் தன் கழுதையைத் திட்டிக்கொண்டு பாடுகிற பாட்டு. பாதாளத்திலிருந்து வருகிற மாதிரி அந்த ஆண் குரல் என் வாயிலிருந்து வந்தது. திரைக்குப் பின்னால் பிளேயர் பக்கத்தில் நின்ற அப்பா முள்ளைத் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்று நீ அவரைக் கேட்டுவிடாதே, நான் சொல்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார். தினமும் ஷிப்ட் முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்து கேட்கிற பாட்டு, எந்த இடத்தில் இருக்கிறோம், எதற்கு இருக்கிறோம் என்பதே மறந்துபோய்விட்டது அந்த மனுஷருக்கு. கூட்டம் வெடித்துச் சிரித்ததும்தான் கண்ணைத் திறந்தாராம், பதற்றத்தில் முள் எங்கே என்றுகூடத் தெரியவில்லையாம்.

மண்டபமே சிரித்தது, பெரில். ஆர்மராட்டின் மனைவி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் மரம் மாதிரி நின்றேன். அப்போது ஐலீன் ஓரத்திலிருந்து ஓடி வந்தாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படகுக்காரன் மாதிரி வயிற்றைத் தள்ளி நடந்து, அவனுக்கு வாயசைக்க ஆரம்பித்தாள். கழுதையை இழுக்கிற மாதிரி என் கையை இழுத்தாள். இதெல்லாம் முதலிலேயே பேசிவைத்துச் செய்த வேடிக்கை என்று கூட்டத்தை நம்பவைக்கப் பார்த்தாள். காதோரம், "ஆன்ட்டி, சும்மா என்கூட ஆடுங்க, கண்டுபிடிக்கவே மாட்டாங்க"ன்னாள். அவள்கூட நாலு அடி நடந்திருந்தால் போதும். இன்றைக்கு ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, என்னையும் சேர்த்துப் பாராட்டியிருக்கும்.

நான் கையை உதறினேன். உதறியது மட்டுமில்லை, அவளை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால், இறங்கிப் போனேன். எனக்கு அவமானம் ரெக்கார்டினால் வந்தது என்றுதான் முதல் இரண்டு நாள் நினைத்தேன். இப்போது கண்ணை மூடினால் கழுதைப் பாட்டு கேட்பதில்லை. கையை நீட்டியபடி தனியாக நின்ற அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? நின்று, அந்தப் பாட்டை முழுக்க ஆடி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு அவளே விடுதிக்காரியாகப் போனாள், ஏப்ரனோடு, பியானோ மட்டும் வைத்துக்கொண்டு. நான் கோட்டை மாட்டிக்கொண்டு ஒப்பனை அறையில் உட்கார்ந்து கேட்டேன். அவள் குரல் ரெக்கார்டு மாதிரி இல்லை. மேலே போகும்போது கொஞ்சம் கரகரத்தது. ஆனால் ஒரு இருமல் சத்தம்கூட மண்டபத்தில் கேட்கவில்லை. அந்த ரெக்கார்டை நாங்கள் எல்லோரும் ஏன் இப்படித் தேயத் தேயக் கேட்கிறோம் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். கேட்கிற நேரத்துக்கு அது அவரவர் குரலாகிவிடுகிறது, வேறென்ன. நான்தான் அதை எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வாரம் நான் கோயிலுக்குப் போகவில்லை, சாமான் வாங்கக்கூட யார் கண்ணிலும் படாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனேன். எட்னா அத்தை ஒரு கஸ்டர்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்ன அண்ணி, தொண்டை சரியாயிடுச்சா, இல்ல இன்னும் ஆம்பளைக் குரல்தானா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கஸ்டர்டில் பாதியை அவளே சாப்பிட்டுவிட்டுப் போனாள். உன் அப்பா எல்லாம் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு ரெக்கார்டை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். மாலையில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

குரல் திரும்பிய அன்று ஐலீன் நிற்கிற அந்தப் பலகாரக் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், ஆலைக்காரர்கள் வரிசை தெருவரை நின்றது. நான் வரிசையில் நின்றதும் முன்னால் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் முறை வந்தபோது, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணியது எல்லாம் போய்விட்டது. "ஐலீன், அன்னைக்கு நான் உன் கையைப் பிடிச்சிருக்கணும். உடுப்பு சரிவராதுன்னு சொன்னதும் பொய்"னு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மடித்துக்கொண்டே, "கறிப் பையா, உருளைக்கிழங்குப் பையா, மிஸஸ் ஹோல்ட்? பின்னாடி வரிசை நிக்குது"ன்னாள். மிஸஸ் ஹோல்ட். நம் வீட்டில் வளர்ந்த பெண் என்னை முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள். எனக்கு வேண்டியதுதான். இரண்டு உருளைக்கிழங்குப் பை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது இரண்டுமே விலை கூடின கறிப் பை. தவறுதலாகப் போட்டாளா, வேண்டுமென்றே போட்டாளா என்று அப்பாவும் நானும் ரொம்ப நேரம் பேசினோம், முடிவுக்கு வர முடியவில்லை.

அடுத்த நாடகத்துக்கு ஐலீன்தான் கதாநாயகி. ஆர்மராட் வந்து கேட்டார், நான் பின்வரிசையில் கூட்டத்தோடு பாட ஒத்துக்கொண்டேன். ஒத்திகையில் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்று அவள் தோள் அசைவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், அவ்வளவு சுத்தம். இன்னும் மிஸஸ் ஹோல்ட்தான். என்னால் குறை சொல்ல முடியாது.

பேப்பர் முடியப்போகிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் கடவுள் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும், குழந்தை பேசத் தொடங்கும்போது முதல் வார்த்தை என்ன என்று எங்களுக்கு எழுது, நல்ல மனசோடு வளரட்டும், பாட்டியின் வீம்பு மட்டும் அவளுக்கு வர வேண்டாம். அப்பா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார். ஒன்றை மறக்காதே. நீ ஆஸ்திரேலியா போனதிலிருந்து தனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று ஐலீன் ஒத்திகையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நீளமான கடிதம் எழுது. போட்டோவும் வை. என்னைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம்.

உன் அன்புள்ள அம்மா,
மியூரியல் ஹோல்ட்