சிவப்பு பல்பும் கிழக்கு அறையும்

செங்கல்பட்டு
11.2.1974

பஷீருதீன் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஏழு வருஷம் வாய் மூடியிருந்தது போதும்.

உங்கள் வீட்டில் வயரிங் செய்த துரை என் பழைய மாணவன். பக்கவாதத்தில் விழுந்த என் தங்கை ஜெய்புன்னிசாவைப் பின்கட்டில், ஜன்னலில்லாத அறையில் போட்டிருக்கிறீர்களாம். கடலைப் பார்த்த கிழக்கு அறை, மாமல்லபுரத்துச் சிற்பம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்காம். படுத்த இடத்திலிருந்து ஒரு தக்காளி காய்ப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதற்கு, கட்டிலருகே இரண்டு தொட்டி வைத்து, தர்கா கந்தூரி விழாவுக்குத் தொங்கவிடும் சிவப்புச் சாய பல்புகளை மாட்டச் சொன்னீர்களாம்.

"ராவும் பகலும் எரிஞ்சிகினே கீது சார். செடி நெடுநெடுன்னு வளந்துபோச்சு, பூவெல்லாம் கொட்டிப்பூடுது. அக்காவும் கண்ணு மூடாம படுத்துகினு கீது" என்றான் துரை. சிவப்பு எதற்கென்று கேட்டானாம். "காய் புடிக்க செவப்பு வெளிச்சம் வோணும்னு படிச்சவங்க யாரோ சொன்னாங்கடா" என்றீர்களாம்.

அந்த யாரோ நான்தான். உங்கள் கல்யாணமான புதிதில் சொன்னது. பாதிதான் காதில் ஏறியிருக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன் உங்கள் கடை திறந்த அன்று பத்துப் பேர் முன்னால், "இவரு செடிகொடி வாத்தியாரு, இவரு பாடம் ஆட்டுக்குத்தான் லாயக்கு" என்று சிரித்தீர்களே, அந்த வாத்தியாரின் பாடம் இப்போது தேவைப்படுகிறது.

பல்புக்குச் சாயம் பூசினால் சிவப்பு அதிகமாகாது. மற்ற வெளிச்சம்தான் குறையும். சாயமில்லாத சாதாரண பல்பிலேயே வேண்டிய சிவப்பு இருக்கிறது. இலைக்கு வேண்டிய நீலம் டியூப் லைட்டில் இருக்கிறது. செடிக்கு அரை அடி மேலே இரண்டு டியூப், இரண்டடி தள்ளி இரண்டு அறுபது வாட் பல்பு. பல்பு கிட்டே வந்தால் இலை கருகும். பதினான்கு மணி நேரம் எரியட்டும், பிறகு அணைத்துவிடுங்கள். செடிக்கும் இருட்டு வேண்டும், பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் வேண்டும். இதைச் சொல்லக்கூட ஒரு வாத்தியார் தேவைப்படுகிறது உங்களுக்கு.

மூடிய அறையில் காற்றில்லை, வண்டில்லை. மகரந்தம் சேர, காலை பத்து மணிக்குப் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட வேண்டும். அவளுக்கு வலது கை அசைகிறதாம். அவளே செய்யட்டும்.

இத்தனையும் மின்வெட்டு வந்தால் வீண். எந்த விளக்கு நல்லது என்று என்னைக் கேட்டால், கிழக்கு ஜன்னலில் காலையில் வருவதுதான். அதைத்தான் வெள்ளைக்காரனுக்கு விட்டிருக்கிறீர்கள். அவனைப் பின்கட்டுக்கு அனுப்புங்கள். கட்டிலையும் தொட்டியையும் முன்னால் கொண்டுவாருங்கள். அவளுக்காக இதைக் கேட்கிறேன். வேறு எதற்காகவும் உங்களிடம் கேட்க மாட்டேன்.

அந்த வீட்டில் என் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று நீங்கள் போட்ட உத்தரவு தெரியும். முதல் காயைப் பார்த்ததும், இந்த யோசனை யாருடையது என்று அவள் கேட்பாள். அப்போது என் பெயரை உங்கள் வாயால்தான் சொல்லியாக வேண்டும். கடிதத்தைக் காட்டித் தப்பிக்க முடியாதபடி, கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். அல்லாஹ் அவளுக்கு ஷிஃபா தந்து குணமாக்கட்டும்.