போதகர் கேட்ட பிள்ளை

ஒக்டோபர் 12, ஞாயிறு இரவு

போதகர் ஐயா தனக்குப் பிறகு சபையைத் தன் மகனிடம்தான் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். அதை மறித்துப் பேசத்தான் ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்க முதல் அவரே சொன்னார்: "என்ரை பெடியனுக்கு உந்த அழைப்பு இல்லை. உம்மடை நிர்மலாவுக்கு இருக்கு. இறையியல் படிக்க விடும். எனக்குப் பிறகு சபையை அவ பாக்கட்டும்."

ஒருவர் இவ்வளவு சுகமாகப் பதவிக் கதிரையை விட்டால் எனக்குச் சந்தேகம் வரும். "உங்கடை மகன் கனடாவுக்குப் போக, என்ரை பிள்ளை இஞ்சை சிலுவை சுமக்கிறதோ ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பேரம் பேச உது உம்மடை கடைப் பெயின்ற் வாளி இல்லை. வீட்டை போய் மகளைக் கேளும்."

சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். "ஐயா உன்னைப் பேய்க்காட்டி ஏமாத்துறார், பிள்ளை."

"அவர் என்னைக் கேக்கேல்லை அப்பா. நான்தான் போய்க் கேட்டனான், ஏப்ரலிலை, பெரிய வெள்ளி முடிஞ்ச கையோடை."

இவளை நம்பித்தான் கடைக்கு மேல் மாடி எழுப்புகிறேன். போன மாதம் அதற்கு நிறம் தெரிவு செய்தவளும் இவள்தான். கடைக்குள் வருகிறவன் வாங்குவானா, விலை கேட்டுவிட்டுப் போவானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவள் முகத்தில் ஒன்றையும் நான் காணவில்லை.

நாளைக்கு ஐயா பதில் கேட்பார்.

அடுத்த அறையில் ஜெபிக்கிறாள். சுவருக்கு இப்பால் "அப்பா" என்ற சொல் மட்டும்தான் விளங்குகிறது. அது நானா, பரலோகத்தில் இருக்கிறவரா, தெரியவில்லை.